மேஷ்ட்ரு கட்டிவிட்ட சீட்டு

அன்புள்ள கௌதம்,

வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு அம்மா ஏன் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறாள் என்று கவரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்பாய். பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அப்பா கல்யாணப் பத்திரிகைப் பையை மாட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை முழுக்கச் சுற்றுகிறார். போகிற வீட்டிலெல்லாம் காப்பி குடித்துவிட்டு வந்து, வயிறு எரிகிறது என்று என்னைத் திட்டுகிறார். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். இது கடைக்கு ஆள் வராத மத்தியான நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டிஸ்க்குகளை டெஸ்ட் பண்ணுகிற மேஜையில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக்கொண்டு எழுதுகிறேன். இப்படி எழுதச் சொன்னது யார் என்று பின்னால் வரும். கதைப் புத்தகத்தை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் உனக்கு உண்டு. இதை மட்டும் வரிசையாகப் படி.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ போன் பண்ணினாய். மண்டபத்தில் எல்இடி திரை வைக்கிறார்கள், அதில் உங்கள் இருவரின் சின்ன வயசுப் படங்களும் ஓடவேண்டும் என்று சொன்னாய். உன் படங்கள் முப்பதுக்கு மேல் எடுத்து வைத்துவிட்டாய். அன்னக்கூடையில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிற படம் மட்டும் கூடாது என்று கண்டிஷன் வேறு. அப்புறம் சஹனாவின் படங்களுக்கு வந்தாய். "அவகிட்ட ஒண்ணுமே இல்லம்மா. பேர் வெச்ச அன்னிக்கு எடுத்த போட்டோ ஒண்ணு கீது. அதுக்கப்புறம் நேரா ஆறாங்கிளாஸ் குரூப் போட்டோதான். 'நான் பொறந்தேன், மறுநாளே ஆறாங்கிளாஸ் போயிட்டேன்'னு சொல்லிச் சிரிக்கிறா." நீயும் சிரித்தாய். குக்கர் வைத்திருக்கிறேன் என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கர் இல்லை, காலையிலேயே சமைத்து இறக்கியாகிவிட்டது.

சஹனாவின் மூன்று வயது முதல் பதினொரு வயது வரைக்குமான படங்கள் எங்கே போயின என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் அப்பாவின் கம்ப்யூட்டர் டிஸ்க் பழுதாகி நம் கடைக்கு வந்தது, அம்மா ராப்பகலாக மெனக்கெட்டாள், காப்பாற்ற முடியவில்லை. பங்காருபேட்டையில் அவள் வீட்டில் எல்லோருக்கும் இதுதான் தெரியும். உன் அப்பாவுக்கும் முந்தாநாள் வரை இதுதான் தெரியும். அது பொய் கௌதம். டிஸ்க் பழுதாகித்தான் வந்தது, அது உண்மை. ஆனால் அந்தப் படங்களை அழித்தது நான். என் கையால், நானே பட்டனை அழுத்தி அழித்தேன். பதினைந்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கடையின் அப்போதைய நடைமுறையைச் சொல்ல வேண்டும். உன் அப்பா விடிகாலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் டைப்பிங் சென்டரை எடுத்துவிட்டு டிஸ்க் வேலைக்கு மாறி நாலு வருஷம் ஆகியிருந்தது. கடையில் இரண்டு அலமாரி. இடது பக்கம் அழிக்க வேண்டியவை. ஆபீஸ்களிலிருந்து கழித்துக்கட்டிய பழைய டிஸ்க்குகள் மூட்டையாக வரும். ஒவ்வொன்றையும் டெஸ்ட் பண்ணி, முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை வெறும் பூஜ்யமாக எழுதித் துடைத்து, நல்லதைக் கண்காணிப்பு கேமரா மாட்டுகிறவர்களுக்குக் கொடுப்பேன், கெட்டதைப் பழைய இரும்புக்குப் போடுவேன். வலது பக்கம் காப்பாற்ற வேண்டியவை. வீட்டுக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொண்டுவருகிற டிஸ்க்குகள். அவை டிக் டிக் என்று தட்டும், இல்லாவிட்டால் சுற்றவே சுற்றாது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது யாராவது கேட்டால், "கேஜ் கீழ கீது, இன்னும் மேல வரல" என்பேன். தங்கச் சுரங்கம் மூடினாலும், ஆளை ஏற்றி இறக்குகிற கேஜும் ஷிப்டும் நம் வாயிலிருந்து போகவில்லை.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி, அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கேட்டாலே மோட்டார் கோளாறா, உள்ளே முள் தட்டுகிறதா என்று சொல்லிவிடுவேன். ஆயுத பூஜைக்கு டிஸ்க்குக்குச் சந்தனம் அப்பி, அதன் மூச்சுத் துளையை அடைத்துக் கொண்டுவந்த ஸ்டுடியோக்காரரை நினைவிருக்கிறதா? குங்குமத்தை மட்டும் ஓரத்தில் வைக்கக்கூடாதா என்று அவரைத் திட்டிக்கொண்டே ஊசியால் சுரண்டி, அவர் எடுத்த ஏழு கல்யாணங்களையும் மீட்டுக் கொடுத்தேன். ஆண்டர்சன்பேட்டையில் டிஸ்க் என்றால் என் பெயரைத்தான் சொன்னார்கள். தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்று வைத்துக்கொள். அப்படிக் கனத்த தலைக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடாகப் பேச வரும், சண்டை கூடப் போட வரும், ஆனால் படிக்க வராது. நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். கன்னட எழுத்தெல்லாம் பஸ் போர்டில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பஸ் போர்டு என்றதும் உனக்குச் சிரிப்பு வரும். அந்த வருஷம் கோலார் பஸ் ஸ்டாண்டில், மாலூரில் இருக்கிற உன் அத்தை வீட்டுக்குப் போக, முதல் எழுத்தை மட்டும் பார்த்து, "இதான் மாலூரு, ஏறுடா" என்று உன்னை இழுத்து ஏற்றினேன். அது முல்பாகலுக்குப் போகிற பஸ். நீ அப்போது ஒன்பதாவது, கன்னடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க். பஸ் கிளம்பி அரை மணி நேரம் கழித்து, "அம்மா, நாம ஆந்திரா பக்கமா போயிக்கினு கீறோம்" என்று சொல்லி வழியெல்லாம் சிரித்தாய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாய், பக்கத்துக் கடை மேரியக்காவிடமும் போய்ச் சொன்னாய். நானும் கூடவே சிரித்தேன். உள்ளே கொஞ்சம் குத்தியது என்பதை இப்போதுதான் சொல்கிறேன். உன் சிரிப்பில் தப்பில்லை, பதினாலு வயசுப் பிள்ளை சிரிக்காமல் என்ன செய்யும். ஆனால் அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிவு கட்டிக்கொண்டேன், இனிமேல் கன்னடம் படிக்க இவனைக் கூப்பிடுவதில்லை என்று. பெரிய சபதம் மாதிரி. அந்தச் சபதம்தான் என்னைக் கவிழ்த்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு மழை நாள். நான் பேங்க்குக்குப் போயிருந்த நேரத்தில் ஒருவர் வந்து, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மேரியக்காவிடம் ஒரு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "யாரோ மேஷ்ட்ரு. சீட்டுல எல்லாம் எழுதிக்கீறாராம்" என்றாள். டிஸ்க்கின் மேல் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டு. கீழே போன் நம்பர், மேலே கன்னடத்தில் ஒரே ஒரு சொல், ஓரத்தில் மழைத்துளி பட்டு மை லேசாக ஊறியிருந்தது. கன்னடத்தில் உளிசி என்றால் காப்பாற்றுங்கள். அளிசி என்றால் அழியுங்கள். முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், மிச்சமெல்லாம் அச்சாக ஒன்று. நமக்கோ அளி என்றால் கொடு என்று அர்த்தம். மூன்று மொழி பேசுகிற ஊரில் இருந்தால் இப்படியெல்லாம் கூத்து நடக்கும். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அ, ளி, சி. அந்த வாரம்தான் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பழைய டிஸ்க் இருபது அழிக்கச் சொல்லி வந்திருந்தது. மேஷ்ட்ரு என்றாள் மேரியக்கா, வாத்தியார்தானே, சரி, அதில் விட்டுப்போன ஒன்று போல என்று நினைத்துவிட்டேன். முதல் எழுத்தின் மேல் ஒரு சந்தேகம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். மணி இரண்டு. நாலு மணிக்கு நீ பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாய். இரண்டு மணி நேரம் பொறுத்து, "இது இன்னா எழுத்துடா" என்று கேட்டிருந்தால் முடிந்தது. உன்னிடம் போய்க் கேட்பதா என்று நினைத்தேன். டெஸ்ட் பண்ணினேன். டிஸ்க்கில் நிறைய இடம் கெட்டிருந்தது, விற்கத் தேறாது. அழித்து இரும்புக்குப் போட வேண்டியதுதான் என்று இடது அலமாரிப் பக்கம் மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. மரியாதையான குரல். தன் பெயரைச் சொல்லவில்லை, பங்காருபேட்டை கன்னட மேஷ்ட்ரு என்று மட்டும் சொன்னார். அப்புறம், "உளீத்தாம்மா?" என்று கேட்டார். காப்பாற்றியாயிற்றா என்று. அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், சீட்டில் இருந்தது என்னவென்று புரிந்துவிட்டது. கண்ணால் படிக்கத் தெரியாத எழுத்தைக் காது படித்துவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், திரையில் பாதிக்கு மேல் பூஜ்யம். கெட்டுப்போன இடத்தில் மாட்டிக்கொண்டு டிஸ்க் டிக் டிக் என்று தட்டிக்கொண்டு நிற்கிறது. நல்ல டிஸ்க்காக இருந்தால் அந்நேரம் முழுக்கத் துடைத்து முடித்திருக்கும். வயரைப் பிடுங்கினேன். வாயிலிருந்து வந்தது இது: "ரொம்பக் கெட்டுப்போய் வந்துச்சு சார். பார்க்கிறேன், ஆனா நம்பிக்கை வெக்காதீங்க." அவர் சரி என்றார். பிறகு, அதில் தன் மகளின் படங்கள் இருப்பதாகவும், மூன்று வயசிலிருந்து எடுத்ததாகவும், அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேமரா என்றும் சொன்னார். கடைசியில் எனக்கு நன்றி சொன்னார். நன்றி சொன்னார் கௌதம், எனக்கு.

மறுவாரம் அவரே நேரில் வந்தார். கையில் ஒரு பை அவரைக்காய். "பாவம், இவ்வளவு பாடுபட்டீங்க" என்றார். டிஸ்க்கைத் திருப்பிக் கேட்கவில்லை, உங்களிடமே இருக்கட்டும், என்றைக்காவது ஏதாவது வந்தால் சொல்லுங்கள் என்று விட்டுப்போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அவரைக்காய் சீசனுக்கும் பை வந்துவிடும். நீ இதற்கென்றே காத்திருந்து, பிதுக்கிய பருப்புக் குழம்பை மூன்று வேளையும் தின்பாய். "மேஷ்ட்ரு வீட்டு அவரைக்கே தனி ருசிம்மா" என்பாய். எனக்கு ஒரு வாய் இறங்காது. வாய்வு பிடிக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பதினைந்து வருஷமாக வீட்டில் எனக்கு வாய்வுக்கோளாறு என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது வந்த வழி இதுதான். உன் அப்பா எனக்காக வாங்கி வைத்த ஓமத் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கினால் கடையில் மூன்றாவது அலமாரி வைக்கலாம்.

விகாரையில் ஞாயிற்றுக்கிழமை பஞ்சசீலம் சொல்லும்போது முதல் மூன்றும் என் வாயில் மணி மாதிரி வரும். நாலாவது, பொய் சொல்லமாட்டேன் என்கிற இடம் வந்ததும் குரல் உள்ளே போய்விடும். ஐந்தாவதில், கள் குடிக்கமாட்டேன் என்பதில், மறுபடி கணீரென்று வருவேன். உன் அப்பா இதைக் கவனித்துவிட்டு, "இன்னா, நாலாவதுல மட்டும் டீ குடிக்கப் போயிடறே" என்று கிண்டல் பண்ணுவார். நான் தொண்டை கட்டிக்கொண்டது என்பேன். பார், ஒரு பொய்யை மறைக்க வாய்வு ஒன்று, தொண்டை ஒன்று, குக்கர் ஒன்று. நீ புதுசாகக் குடித்தனம் ஆரம்பிக்கப் போகிறாய், அதனால் சொல்கிறேன். தப்பு செய்வது பெரிய விஷயமில்லை. கையிருந்தால் தப்பும் வரும். அதைச் சொல்ல வேண்டிய அன்றைக்கே சொல்லிவிட்டால் ஒரு நாளோடு போகும். சொல்லாமல் வைத்தால் அது நம்மோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிடும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ காலேஜ் போன காலத்திலிருந்து மேஷ்ட்ரு வீட்டில் கம்ப்யூட்டர் தும்மினால் கூட உன்னைத்தான் அனுப்பினேன். பிரிண்டரா, போ. வைஃபையா, போ. காசு வாங்காதே. தீபாவளிக்குக் கூட ஒரு முறை அனுப்பினேன், நீ பட்டாசை விட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாய். அம்மாவுக்கு வாத்தியார்கள் மேல் மரியாதை என்று நீ நினைத்தாய். மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை, குற்ற உணர்ச்சி. நான் போய் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உன்னை அனுப்பினேன். நீ பிரிண்டரைச் சரிபண்ணப் போன வீட்டில் எதைச் சரிபண்ணிக்கொண்டு வந்தாய் என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் காதலுக்கு நீங்கள் ஆயிரம் காரணம் சொல்வீர்கள். முதல் காரணம் என் கன்னடம். ஆனால் நீ வந்து சஹனா என்று பெயரைச் சொன்ன அன்றைக்கு, சந்தோஷப்பட வேண்டிய நான் சமையலறைக்குப் போய் அழுதேன். மருமகளாக வரப்போகிறவளின் குழந்தைப் பருவத்தை நான்தான் துடைத்தேன் என்று தெரிந்தால் அந்த வீட்டில் என்ன சொல்வார்கள், நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று பயந்து அழுதேன். சந்தோஷ அழுகை என்று அப்பா உனக்கு விளக்கம் சொன்னார்.

உன் போன் வந்த அன்றைக்கு, புத்தர் படம் இருக்கிற மாடத்துக்கு மேலே துணியில் சுற்றி வைத்திருந்த அந்த டிஸ்க்கை இறக்கினேன். இதற்கு முன்பு மூன்று முறை முயன்று தோற்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முன்னாலிருந்து படிக்கவிட்டேன். பூஜ்யம், பூஜ்யம், பிறகு அந்தக் கெட்டுப்போன இடம், அங்கே மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பிக்கும். இன்னும் தட்டினால் அடியோடு போய்விடும் என்று பயந்து நிறுத்திவிடுவேன். இந்த முறை கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கவிட்டேன். சுரங்கத்தில் ஒரு ஷாஃப்ட் அடைத்துக்கொண்டால் பக்கத்து ஷாஃப்டில் இறங்கி, அடி லெவலில் சுற்றி வந்து ஆளை எடுப்பார்கள் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு மட்டும் தோன்ற இத்தனை வருஷம். ஒரு மணி நேரம் ஓட்டுவது, சூடானால் நிறுத்தி ஆறவிடுவது, மறுபடி ஓட்டுவது. எட்டு நாள். பெயரெல்லாம் போய்விட்டது, வெறும் நம்பர்கள்தான். முதலில் வந்த படத்தை ஆவலாகத் திறந்தேன். மேஷ்ட்ருவின் கட்டைவிரல். அடுத்ததும் கட்டைவிரல். மூன்றாவது ஒரு நாய். நாலாவதில் இரட்டை ஜடை, முன்பல் இரண்டும் இல்லை, கேமராவைப் பார்த்து முறைக்கிறாள் சஹனா. கடையில் நான் சத்தமாக அழுதுவிட்டேன், மேரியக்கா கத்திரிக்கோலோடு ஓடி வந்துவிட்டாள். மொத்தம் நானூற்றுப் பத்துப் படம் வந்தது. ஏழு வயசிலிருந்து பதினொன்று வரை. மூன்றிலிருந்து ஆறு வரை பூஜ்யத்தோடு போயிற்று. அதை இனி யாராலும் கொண்டுவர முடியாது.

படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு, சர்ப்ரைஸ் என்று கொடுத்து நல்ல பேர் வாங்கியிருக்கலாம். அந்த ஆசையும் வந்தது, மறைக்கமாட்டேன். உன் அப்பாவிடம் முதலில் எல்லாம் சொன்னேன். அவர் ஓமத் தண்ணீர் பாட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்போ வாய்வு இல்லியா உனக்கு?" என்று கேட்டார். பிறகு, "பத்து நாள்ல கல்யாணத்த வெச்சிக்கினு இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்? முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். கல்யாணம் முடிந்த பிறகு சொன்னால், இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிற தைரியத்தில் சொல்வது ஆகும். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்றேன். அவர் பங்காருபேட்டை பஸ் வரை கூட வந்தார். நேற்றுக் காலை, டிஸ்க், பென்டிரைவ், பத்திரமாக வைத்திருந்த அந்தச் சீட்டு, மூன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன்.

மேஷ்ட்ரு கூடத்தில் உட்கார்ந்து கவர்களில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பத்திரிகை வைக்க மாலூர் பக்கம் போயிருந்தார்கள். நான் உட்காரவில்லை, நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயம். அவர் சீட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு விலாசம் எழுதுகிற பேனாவால் ஒரு பழைய கவரின் பின்னால் அந்தச் சொல்லை எழுதினார். மறுபடி எழுதினார். மூன்று முறை எழுதிவிட்டு என் பக்கம் நீட்டினார். மூன்றிலும் முதல் எழுத்து, சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க அ மாதிரிதான் இருந்தது. முப்பது வருஷம் கையெழுத்துக்கு மார்க் குறைத்த மனுஷர். தன் கையெழுத்தைப் பார்த்துத் தானே சிரித்தார். நானும் சிரிக்கப் போனேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எழுத்துத் தப்பு என்னுதும்மா. பொய் உங்களுது" என்றார்.

அவர் சொன்ன இரண்டும் நிஜம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இந்தக் கல்யாணம் போயிற்று, என் பிள்ளை முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உள் அறையிலிருந்து சஹனா வந்தாள். லீவு போட்டு முந்தின நாளே வந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பென்டிரைவை வாங்கி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் படங்களைத் தாண்டி அந்தப் பல்லில்லாத படம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆறு வயசு வரைக்கும் வராதா அத்தே?" என்று கேட்டாள். வராதும்மா, அது நான் துடைத்துவிட்டேன் என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை, அதற்காக அவள் மேல் எனக்கு மரியாதை அதிகமாயிற்று. மேஷ்ட்ரு எழுந்து உள்ளே போய் எனக்குக் காப்பி கலந்துகொண்டு வந்து, "கூத்கொள்ளி" என்றார். அப்போதுதான் உட்கார்ந்தேன். அதற்கு மேல் அவர்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எந்தக் கட்டைவிரலைத் திரையில் போடுவது என்பதில் அப்பாவும் பெண்ணும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

கிளம்பும்போது சஹனாவிடம், கௌதமுக்கு நீயே சொல்லிவிடு, உனக்குச் சொல்லத் தெரியும் என்று கெஞ்சினேன். அவள் அசையவில்லை. "இல்ல அத்தே, நீங்களேதான் சொல்லணும். போன்ல சொன்னா குக்கர் வெச்சிருக்கேன்னு கட் பண்ணிடுவீங்க. எழுதி அனுப்புங்க. அதுவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். நீ அதையும் அவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய் என்று தெரிந்தது. வாசல் வரை வந்து, "ஆனா தமிழ்லயே எழுதுங்க, கன்னடம் வேணாம்" என்று சேர்த்தாள். ஆகவேதான் இந்தக் கடிதம். உனக்கு வாய்த்தவள் எப்படிப்பட்டவள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தெரியாததை அவளிடம் கேட்டுவிடு. சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் பட்ட பாட்டை நீ படாதே.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பின்னாலிருந்து படித்துக்கொண்டு வந்ததில், பூஜ்யம் நின்ற இடத்துக்கும் நான் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நடுவில் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது. அதில் பத்துப் படம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். சஹனா டிஸ்க்கை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பழைய சீட்டின் பின்பக்கத்தில், தன் அப்பாவை நம்பாமல், அவளே முத்து முத்தாக ஒரு சொல் எழுதி, மேஷ்ட்ரு போட்ட மாதிரியே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுத்தாள். டிஸ்க் இப்போது என் எதிரில் வயர் மாட்டித் தயாராக இருக்கிறது. எழுத்து தெளிவாகத்தான் தெரிகிறது. நானே படித்தும்விட்டேன். ஆனாலும் அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்பு சாயங்காலம் நாலு மணிக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன் கௌதம். இது இன்னா எழுத்துடா? போன் பண்ணி வாய்விட்டுப் படித்துச் சொல். என்னைத் திட்ட வேண்டுமென்றால் முதலில் திட்டிவிட்டு அப்புறம் படி. உன் வாயால் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் பட்டனைத் தொடுவேன். அதுவரை அடுப்பில் குக்கர் ஏற்றமாட்டேன்.

காத்திருக்கிற
உன் அம்மா